கட்டே: ஏலமலையில் ஒரு நோய்ப்பெயர்

ஏலச்செடிக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவற்றின் பெயர் தமிழருக்குக் கேட்டவுடன் விளங்கும். அழுகல், வாடல், இலைத்துரு என்ற பெயர்களுக்கு உரை வேண்டியதில்லை. 'கட்டே' மட்டும் அப்படியில்லை. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டு கடந்து, பூப்பாறை, சாந்தம்பாறை என்று விரியும் ஏலத்தோட்டங்களுக்கான தமிழ்க் கையேடுகளில் 'கட்டே நோய்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பொருள் சொல்வதில்லை. ஒரு விவசாயியின் முதலீட்டையே அழிக்கக்கூடிய நோய்க்கு அவருக்குப் புரியாத பெயர் எப்படி வந்தது என்று தேடுவது சொல்லாராய்ச்சிக்கு உரிய வேலைதான். இந்தச் சொல் போன வழியே போனால், செடிநோயைப் பற்றிய மனித அறிவு வளர்ந்த வழியும் கூடவே தெரிகிறது.

தமிழ்க் காதுக்குக் 'கட்டே' என்றதும் 'கட்டை' நினைவுக்கு வரும். நோய்பட்ட செடி வளர்ச்சி குன்றிக் கட்டையாக நிற்பதால் அந்தப் பொருள் பொருந்துவது போலவும் இருக்கும். ஆனால் சொல் நம்முடையது அன்று. கர்நாடகத்து ஏல விவசாயிகள் வழங்கிய பெயர் இது. சீர்குலைவு என்பது இதன் பொருளென்று ஆய்வு நூல்கள் குறிக்கின்றன. ஆகவே 'கட்டை' விளக்கம் பிற்காலத்தில் ஒலியைப் பார்த்து ஒட்டவைப்பதாகவே முடியும். செடியின் உயரத்தைப் பார்த்து வைத்த பெயரன்று இது. செடியின் ஒழுங்கே குலைந்துபோனதைப் பார்த்து வைத்த பெயர்.

அந்தச் சீர்குலைவு இளங்குருத்தில் தொடங்குகிறது. இலையின் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கி, நரம்புகளுக்கு இணையாக, வெளிறிய பச்சைக் கீற்றுகள் விட்டுவிட்டு ஓடும். பிறகு தண்டின் உறையிலும் திட்டுகள் தோன்றும். அடுத்தடுத்து வரும் கன்றுகள் மெலியும், சரம் குட்டையாகும், காய் குறையும். இளம்பருவத்திலேயே தாக்கினால் அந்தச் செடியிடம் விளைச்சலை எதிர்பார்ப்பதற்கில்லை. வந்த நோயைப் போக்க மருந்தும் கிடையாது. தூரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி.

இதே பயிரின் இன்னொரு நோய்க்கும் கன்னடப் பெயர்தான்: 'கொக்கெ கந்து'. அது தமிழுக்கு நெருங்கிய உறவு. கொக்கெ என்பது நம் கொக்கி. கந்து என்பது கன்று, வாழைக்கன்று என்கிறோமே அந்தக் கன்று. இளந்தளிர் விரிய முடியாமல் கொக்கிபோல் வளைந்து நிற்கும் கன்று என்று ஒரே பெயரில் நோய்க்குறி முழுவதையும் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது நோயான 'நீலகிரி நெக்ரோசிஸ்' பெயரில் ஊரும் உண்டு, கிரேக்கமும் உண்டு. தோட்டக்காரரின் கண் இல்லை. முன்னிரண்டு பெயர்களையும் வைத்தவர்கள் நுண்ணோக்கி இல்லாமலே நோயைப் பிரித்தறிந்தவர்கள்.

ஆய்வாளர்கள் வந்தபோது 'கட்டே'க்குப் பக்கத்தில் 'மொசைக்' வந்து உட்கார்ந்தது. 1886இல் நெதர்லாந்தில் அடோல்ஃப் மாயர் புகையிலை இலையில் கண்ட திட்டுகளுக்கு வைத்த பெயர் அது. பல நிறக் கற்களைப் பதித்த தரையின் பெயரை இலைக்குக் கொடுத்தார். தமிழில் அதற்கு இணையாக வேளாண் துறையினர் எடுத்தது 'தேமல்'. தோலில் படரும் வெளிறிய திட்டைக் குறிக்கும் பழைய சொல் அது. நோயை உடம்பில் பார்த்துப் பழகியவர்களின் சொல் இலைக்கு ஏறியது. தமிழ் செய்த நல்ல தேர்வுகளில் இதுவும் ஒன்று.

அந்தப் புகையிலை நோயை ஆராய்ந்தபோதுதான் வைரஸ் என்ற சொல்லே புதுப்பொருள் பெற்றது. 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டி நோய் பரவுவதைக் காட்டினார். 1898இல் பெய்ஜெரிங்க் அதைத் தனி வகைத் தொற்றாகக் கண்டு, நஞ்சு என்று பொருள்படும் லத்தீன் சொல்லை அதற்கு உறுதியாக்கினார். நம் 'நச்சுயிரி' அதிலிருந்து வந்தது. ஏலத்தின் கட்டேயும் வைரஸ் நோயே என்று 1945இல் உப்பல், வர்மா, கபூர் ஆகிய மூவரும் நிறுவினார்கள். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினிப் பூச்சி என்பதும் தெரியவந்தது.

அந்த வைரஸ் எந்தக் குடும்பத்தது என்ற கேள்விக்கு மூலக்கூறு அளவில் விடை தந்த ஊர்களில் முக்கியமானது, போடியிலிருந்து மலையேறாமல் சமவெளியில் கிழக்கே போனால் வரும் மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப், உஷா ஆகியோர் இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இழையின் ஒரு முனையைப் படித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். இதன் மரபுச் செய்தி முழுவதும் எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகளால் ஆன ஒற்றை இழை. அதைச் சுற்றி ஒரே வகைப் புரதம் ஆயிரக்கணக்கில் அடுக்கி உறையாகிறது. அந்த உறைப்புரதத்துக்கான எழுத்துகளைப் பிற வைரஸ்களோடு ஒப்பிட்டபோது, இது 'மக்லுரா வைரஸ்' பேரினத்தின் உறுப்பினர் என்று உறுதிப்பட்டது. மறு ஆண்டு, அப்பங்களாவில் ஏல ஆய்வு செய்துவந்த வேணுகோபாலும் சேர்ந்த குழு, கர்நாடகத்திலும் கேரளத்திலும் எடுத்த மாதிரிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருப்பதைக் காட்டியது. கட்டே என்ற ஒரே பெயருக்குள் பல கிளைகள் ஒளிந்திருந்தன.

இங்கே பெயரின் பயணம் வியக்கத்தக்க திருப்பம் எடுக்கிறது. மக்லுரா என்பது பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்க மரம். 1763இல் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் நிலவியல் வரைபடத்தை வரைந்த வில்லியம் மக்ளூரின் பெயரை 1818இல் தாவரவியலாளர் நட்டால் அந்த மரத்துக்குச் சூட்டினார். அந்த மரத்தில் யூகோஸ்லாவியாவில் கண்ட வைரஸ்தான் பேரினத்துக்குப் பெயர் தந்தது. அதனால் நம் மலைச்சரிவின் நோய், ஏலத்தோட்டத்தோடு எந்தத் தொடர்புமில்லாத ஒரு நிலவியலாளரின் பெயரைச் சுமக்கிறது.

செடியின் பெயருக்கு இந்தக் கதி நேரவில்லை. மலையாளத்தில் ஏலத்து என்பதோடு மணியைக் குறிக்கும் அரி சேர்ந்து 'ஏலத்தரி'. நம் ஏலவரிசியின் உடன்பிறப்பு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த வான் ரீடின் தாவர நூலான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' அதை 'எலெட்டரி' என்று பதிந்தது. 1811இல் மேட்டன் அதையே 'எலெட்டாரியா' என்று பேரினப் பெயராக்கினார். இன்று உலகின் எந்தத் தாவரவியலாளர் ஏலத்தின் பெயரைச் சொன்னாலும் இந்த மலையின் மக்கள் சொல்லைத்தான் சொல்கிறார். மக்கள் சொல்லைக் கேட்டு எழுதிய நூல் இருந்ததால் நடந்தது அது.

ஆயினும் 'கட்டே' தோற்றுவிடவில்லை. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் அது அப்படியே நிற்கிறது. நோய் மிகுந்த தோட்டங்களில் பட்டுப்போகாமல் தப்பிய செடிகளைத் தேடியெடுத்து, 'இயல்பாகக் கட்டேயிலிருந்து தப்பியவை' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் 'என்.கே.இ.' என்று எண்ணிட்டார்கள். எதிர்ப்புத்திறன் கொண்ட 'விஜேதா' ரகம் அப்படிப்பட்ட தேர்விலிருந்து வந்தது. அந்த ரகத்தின் வேரிலும் தோட்டக்காரரின் சொல் இருக்கிறது.

ஆய்வு இன்னொரு திசையிலும் போயிருக்கிறது. ஏலத்தை அழிக்கும் வைரஸின் உறைப்புரதத்தின் மீது எச்.ஐ.வி.யின் சிறு புரதப் பகுதிகளைப் பொருத்தி, அதை உடலின் எதிர்ப்பாற்றல் அறிந்துகொள்கிறதா என்று உஷாவின் குழு சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு சேர்ந்து சோதித்தது. 2013இல் வெளிவந்த அந்த வேலை ஆய்வுக்கூட அளவிலானது. ஆனாலும் ஒரு பயிர்நோயைப் பற்றிய அடிப்படை அறிவு எங்கே போய்ப் பயன்படலாம் என்பதற்கு நல்ல சான்று.

இந்த அறிவு மலைக்குத் திரும்புகிறதா என்பதே முக்கியம். கட்டே விதையில் பரவாது, மண்ணில் பரவாது. அசுவினியாலும் கிழங்கோடு பிரித்து நடும் பக்கக் கன்றாலும்தான் பரவும். இன்று இந்த மலைகளில் பெரிதும் நடப்படும் 'ஞள்ளானி' ரகம், அதைத் தேர்ந்தெடுத்த இடுக்கி விவசாயியின் குடும்பப் பெயரைத் தாங்கியது. அதன் குணம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் பக்கக் கன்றைத்தான் நட வேண்டும். தாய்ச்செடியில் நோய் இருந்தால் கன்றெல்லாம் நோயோடுதான் தோட்டம் ஏறும். கீற்று கண்ணுக்குத் தெரியும் முன்பே வைரஸின் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது. பெரிய எஸ்டேட்டுக்கு அது எட்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கும், விடியலில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப்போய் அந்தக் கன்றை நடும் தொழிலாளிக்கும் அதன் முடிவு அவர்கள் மொழியில் எட்ட வேண்டும்.

ஆகவே ஆய்வு நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனை முடிவுச் சீட்டில் மக்லுரா வைரஸ் என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் 'கட்டே', 'தேமல்' என்று தமிழிலும் எழுதுங்கள். கன்று வாங்கும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை: விலையைக் கேட்கும் முன், தாய்ச்செடியில் கட்டே பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான சொல்லை விவசாயிகளே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.