இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் இந்தியச் சுற்றுப்பயணம் (2008)

2008-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கெவின் பீட்டர்சன் தலைமையில் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து அணி, ஏழு ஒரு நாள் ஆட்டங்களும் இரண்டு டெஸ்ட் ஆட்டங்களும் ஆடுவதாக ஏற்பாடாகியிருந்து, நடுவே மும்பையில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலால் தாயகம் திரும்பி, பின்னர் சில நாட்களுக்குள்ளேயே மறுபடியும் வந்து, இடம் மாற்றி அமைக்கப்பட்ட இரு டெஸ்ட் ஆட்டங்களையும் ஆடி முடித்த பிரயாணம் இது. நடந்தேறிய ஐந்து ஒரு நாள் ஆட்டங்களிலும் இந்தியா வென்றது. டெஸ்ட் தொடரையும் ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் கைப்பற்றியது. ஆயினும் இப்பிரயாணம் சரித்திரத்தில் இடம்பெற்றது வெற்றி தோல்விகளால் அன்று. அபாயம் நிறைந்த ஒரு தேசத்தில் விளையாடலாமா கூடாதா என்பதை யார், எதைக் கொண்டு, எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிரிக்கெட்டில் கிடைப்பது அரிது.

அன்டிகுவாத் தீவில் அமெரிக்கக் கோடீசுவரர் ஆலன் ஸ்டான்ஃபோர்டு நடத்திய, இரண்டு கோடி டாலர் பரிசுக்கான இருபது ஓவர் ஆட்டத்தில் படுதோல்வி கண்ட கையோடு இந்தியா வந்து சேர்ந்த அந்த அணிக்கு, இங்கேயும் தொடக்கம் சுபமாக இல்லை. நவம்பர் 14-ஆம் தேதி ராஜ்கோட்டில் யுவராஜ் சிங் ஆட்டமிழக்காமல் 138 ஓட்டங்கள் குவிக்க, இந்தியா 158 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. இந்தோரிலும் அவரே சதமடித்து, நான்கு விக்கெட்டுகளும் வீழ்த்தினார். கான்பூர், பெங்களூரு ஆட்டங்களில் ஓவர்கள் குறைக்கப்பட்டபோதும் முடிவு மாறவில்லை. கட்டாக்கில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் பீட்டர்சன் ஆட்டமிழக்காமல் 111 ஓட்டங்கள் எடுத்தும் ஆறு விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா ஜயித்தது. அந்த ஆட்டம் நடந்த நாள் நவம்பர் 26.

அன்றிரவே மும்பையில் தாக்குதல் தொடங்கியது. கடல் வழியாக வந்த பத்துப் பேர் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், லியோபோல்டு உணவு விடுதி, காமா மருத்துவமனை, நரிமன் இல்லம், ஓபராய்-டிரைடென்ட், தாஜ் மகால் ஓட்டல் ஆகிய இடங்களில் மூன்று நாள் நடத்திய வெறியாட்டத்தில் 166 பேர் மாண்டனர். இங்கிலாந்து வீரர்களுக்கு இது தொலைக்காட்சியில் கண்ட செய்தியாக மட்டும் இருக்கவில்லை; நவம்பர் முற்பகுதியில் அவர்கள் தங்கியிருந்ததே அந்தத் தாஜ் ஓட்டலில்தான். டெஸ்ட் ஆட்டத்துக்குரிய வெள்ளை உடைகளையும் தளவாடங்களையும், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். குவாஹாட்டியிலும் டில்லியிலும் நடக்கவேண்டியிருந்த கடைசி இரண்டு ஒரு நாள் ஆட்டங்கள் ரத்தாயின. அணி லண்டனுக்கு விமானம் ஏறியது.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது அவசியம். ஏனெனில், இங்கிலாந்து அணியினர் இந்திய மண்ணில் இத்தகைய சோதனைக்கு உள்ளானது அது முதல் தடவையன்று. 1984-ஆம் ஆண்டு டேவிட் கோவர் தலைமையில் வந்த அணி டில்லியில் இறங்கிய சில மணி நேரத்தில் பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். தேசம் கொந்தளித்துக்கொண்டிருந்த அந்நாட்களில் அணி இலங்கைக்குச் சென்று தங்கிப் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பி வந்தது. பின்னர் பம்பாயில் முதல் டெஸ்டுக்கு முந்திய தினம், பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனர் பெர்சி நாரிஸ் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய மாலைதான் அணியினரைத் தம் இல்லத்துக்கு அழைத்து உபசரித்தவர் அவர். அப்படியிருந்தும் ஆட்டம் நடந்தது. முதல் டெஸ்டில் தோற்ற இங்கிலாந்து, கடைசியில் தொடரை 2-1 என வென்றது. அத்தொடரில் 1985 ஜனவரியில் நடந்த சென்னை டெஸ்டில் கிரேம் ஃபவுலர் 201 ஓட்டங்களும் மைக் கேட்டிங் 207 ஓட்டங்களும் எடுத்ததையும், நீல் ஃபாஸ்டர் பதினொரு விக்கெட்டுகள் வீழ்த்தியதையும் சேப்பாக்கத்து ரசிகர்களில் வயதானவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். 2001-இலோ, நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்த சில வாரங்களில் இந்தியா வரவேண்டியிருந்த அணியிலிருந்து ஆன்டி கேடிக், ராபர்ட் கிராஃப்ட் இருவரும் விலகிக்கொள்ள, மற்றவர்கள் வந்து ஆடினார்கள்.

1984-க்கும் 2008-க்கும் இடையே மாறியிருந்தது அபாயத்தின் அளவு மட்டுமன்று. தீர்மானம் செய்யும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அணி நிர்வாகியும் தூதரக அதிகாரிகளும் கலந்து பேசி, போவதா இருப்பதா என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டக்காரர் அதற்குக் கட்டுப்படுவார். 2002-இல் கராச்சியில் நியூசிலாந்து அணி தங்கியிருந்த ஓட்டலுக்கு வெளியே குண்டு வெடித்து, அந்த அணி அன்றே பிரயாணத்தைக் கைவிட்ட பிறகு, பாதுகாப்பு நிபுணர் என்று ஒருவர் கிரிக்கெட்டில் தவிர்க்க முடியாத நபரானார். மைதானத்தின் வாயில்களையும், ஓட்டலின் பின்பக்கப் படிக்கட்டையும், பேருந்து போகும் பாதையையும், அது தடைப்பட்டால் மாற்றுப் பாதையையும் நேரில் பார்வையிட்டு அவர் தரும் அறிக்கைதான் எல்லா விவாதத்துக்கும் ஆதாரமாக வைக்கப்படுகிறது. இங்கிலாந்துக்கு அப்பணியைச் செய்தவர் ஆஸ்திரேலியரான ரெஜ் டிக்கசன். அவர் சென்னைக்கும் மொகாலிக்கும் சென்று ஏற்பாடுகளைப் பரிசீலித்தார். தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஷான் மோரிஸ் ஆட்டக்காரர் தரப்பில் நின்று பேசினார். வாரியத்தின் தரப்பில் நிர்வாக இயக்குநர் ஹியூ மோரிஸ் பொறுப்பேற்றார்.

முதலில் அகமதாபாதிலும் மும்பை பிரபோர்ன் மைதானத்திலும் நடப்பதாக இருந்த டெஸ்ட் ஆட்டங்கள் சென்னைக்கும் மொகாலிக்கும் மாற்றப்பட்டன. அணி நேரே இந்தியா வராமல், டிசம்பர் முதல் வாரத்தில் அபுதாபியில் கூடிப் பயிற்சியை ஆரம்பித்தது. டிக்கசனின் அபிப்பிராயம் வரும்வரை அங்கே காத்திருப்பது, அது சாதகமாக இருந்தால் மேலே போவது, இல்லையேல் அங்கிருந்தே வீடு திரும்புவது என்பது திட்டம். ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபும் ஸ்டீவ் ஹார்மிசனும் தயங்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. முடிவில் ஒருவர் பாக்கியின்றி அனைவரும் வருவதாக ஒப்புக்கொண்டு, டிசம்பர் 8-ஆம் தேதி சென்னையில் இறங்கினார்கள்.

இந்தச் செயல் அப்போது மனோதைரியத்துக்கு இலக்கணமாகப் போற்றப்பட்டது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் தைரியம் ஒன்றே காரணம் என்று எழுதிவிடுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. உலகக் கிரிக்கெட்டின் வருமானத்தில் பெரும் பகுதி இந்திய ரசிகர்களிடமிருந்தே வருகிறது. இந்திய வாரியத்தோடு பிணக்குக் கொள்வது எந்தத் தேசத்து வாரியத்துக்கும் எளிதில் தாங்கக்கூடியதன்று. அதே 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா பாகிஸ்தானுக்குச் செல்ல மறுத்ததும், பாகிஸ்தானில் நடக்கவேண்டியிருந்த சாம்பியன்ஸ் கோப்பை ஒத்திவைக்கப்பட்டதும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். இரு தேசங்களிலும் இருந்த ஆபத்து ஒரே தன்மையது என்று சாதிப்பதற்கில்லை. எனினும், ஆபத்தை எடை போடும் தராசின் ஒரு தட்டில் பணமும் செல்வாக்கும் அமர்ந்திருந்தன என்பதை மறைத்துப் பயனில்லை. அடுத்த பிப்ரவரியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பீட்டர்சனைப் பெங்களூரு அணியும் ஃபிளின்டாஃபைச் சென்னை அணியும் தலா பதினைந்தரை லட்சம் டாலருக்கு எடுத்தன. அதற்கும் இவர்கள் திரும்பி வந்ததற்கும் நேர்த் தொடர்பு கற்பிப்பது அநியாயம். ஆனால் அக்காலத்துச் சூழ்நிலையை விளங்கிக்கொள்ள அதுவும் ஒரு செய்தி.

சென்னைக்கோ அது புயல் கடந்த நேரம். நவம்பர் இறுதியில் நிஷாப் புயல் காரைக்கால் அருகே கரை கடந்து, தமிழ்நாட்டின் பெரும்பகுதியை வெள்ளக்காடாக்கிச் சென்றிருந்தது. மார்கழிக்குச் சில நாட்களே இருக்க, வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் எப்போது வந்து விழுமோ என்ற கவலையோடு, வெகு குறுகிய அவகாசத்தில் ஆடுகளம் தயாராயிற்று. துப்பாக்கி ஏந்திய கமாண்டோக்களும் ஆயிரக்கணக்கான போலீசாரும் மைதானத்தையும் ஓட்டலையும் காத்து நிற்க, டிசம்பர் 11-ஆம் தேதி சேப்பாக்கம் எம். ஏ. சிதம்பரம் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது.

இத்தனை குழப்பத்துக்குப் பின் வரும் ஆட்டம் பெயரளவுக்குத்தான் இருக்கும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். ஒரு நாள் அணியில் இடம்பெறாதவராகையால் வாரக்கணக்கில் ஆட்டமே இல்லாதிருந்த ஆண்ட்ரூ ஸ்டிராஸ், முதல் இன்னிங்ஸில் 123 ஓட்டங்களும் இரண்டாவதில் 108 ஓட்டங்களும் எடுத்தார். இங்கிலாந்தின் 316-க்குப் பதிலாக ஆடவந்த இந்தியாவுக்கு, முதல் டெஸ்ட் ஆடிய கிரேம் ஸ்வான் தாம் வீசிய முதல் ஓவரிலேயே கம்பீரையும் திராவிடையும் வெளியேற்றி அதிர்ச்சி தந்தார். இந்தியா 241-இல் சுருண்டது. ஸ்டிராஸும் காலிங்வுட்டும் சேர்ந்து 214 ஓட்டங்கள் சேர்க்க, ஒன்பது விக்கெட்டுக்கு 311 என்ற நிலையில் பீட்டர்சன் இன்னிங்ஸை முடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு 387 ஓட்டங்கள் என்ற இலக்கை வைத்தார். இந்தியாவில் அதற்கு முன் எந்த அணியும் நான்காவது இன்னிங்ஸில் அவ்வளவு எடுத்து வென்றதில்லை.

நான்காம் நாள் மாலையில் சேவாக் ஆடிய ஆட்டம் கணக்குகளையெல்லாம் மாற்றிவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319 ஓட்டங்கள் குவித்திருந்தவர், இப்போது 68 பந்துகளில் 83 எடுத்துவிட்டுப் போனார். நாள் முடிவில் இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 131. ஐந்தாம் நாள் தேய்ந்து, பந்து தாறுமாறாகத் திரும்பிய களத்தில், நான்கு விக்கெட்டுகள் விழுந்தபின் டெண்டுல்கரும் யுவராஜும் சேர்ந்து பிரியாமல் 163 ஓட்டங்கள் எடுத்தனர். அந்த மைதானத்துக்கும் டெண்டுல்கருக்கும் பழைய பாக்கி ஒன்று இருந்தது. 1999-இல் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்தும், அவர் வெளியேறியபின் பன்னிரண்டு ஓட்டத்தில் இந்தியா தோற்ற துயரம் அது. இம்முறை கடைசிவரை நின்றார். வெற்றிக்கு நான்கு ஓட்டங்கள் தேவை, தம் சதத்துக்கு ஒரே ஓட்டம் பாக்கி என்ற நிலையில், ஸ்வான் வீசிய பந்தைக் குனிந்து மட்டையால் மெல்லத் தட்டி, விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். சதமும் வெற்றியும் ஒரே அடியில் வந்தன. அது அவருடைய நாற்பத்தோராவது டெஸ்ட் சதம். மும்பைக்காரரான அவர், தம் நகரத்தில் மாண்டவர்களுக்கு அதைச் சமர்ப்பித்தார். சேவாக் ஆட்ட நாயகனாகத் தேர்வு செய்யப்பட்டார்.

மொகாலி டெஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பீர் 179-உம் 97-உம், திராவிட் 136-உம், பீட்டர்சன் 144-உம் எடுத்தார்கள். காலைப் பனிமூட்டம் நாள்தோறும் நேரத்தைத் தின்றது. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. வெளிப்பார்வைக்கு ஒற்றுமையாகத் திரும்பி வந்த அந்த அணிக்குள் பீட்டர்சனுக்கும் பயிற்சியாளர் பீட்டர் மூர்ஸுக்கும் இடையே புகைந்துகொண்டிருந்த பகை, ஊர் திரும்பியபின் வெடித்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி இருவருமே பதவி இழந்தனர், ஸ்டிராஸ் தலைவரானார்.

மும்பைத் தாக்குதலின் விளைவு கிரிக்கெட்டில் வேறொரு திசையில் போய் விழுந்தது. பாகிஸ்தானுக்குச் செல்லவேண்டியிருந்த இந்திய அணிக்கு இந்திய அரசு அனுமதி மறுக்க, அந்த இடத்தை நிரப்பச் சென்ற இலங்கை அணியின் பேருந்தின்மீது 2009 மார்ச் 3-ஆம் தேதி லாகூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. போலீசார் அறுவரும் பொதுமக்கள் இருவரும் இறந்தனர். சமரவீர உள்ளிட்ட வீரர்கள் காயமுற்றனர். பாகிஸ்தானில் மறுபடி டெஸ்ட் ஆட்டம் நடக்கப் பத்தாண்டுகளுக்குமேல் ஆயிற்று. இந்தியாவிலும் 2009 ஐ.பி.எல். ஆட்டங்கள், பொதுத் தேர்தல் நேரத்தில் காவல் தர இயலாதென்ற காரணத்தால், தென்னாப்பிரிக்காவுக்குப் போயின. இங்கிலாந்திடமிருந்து பறிபோன டெஸ்டுகளை அகமதாபாதும் பிரபோர்னும் 2009 இறுதியில் இலங்கைக்கு எதிராகப் பெற்றன. பிரபோர்னில் சேவாக் 293 ஓட்டங்களில் முரளிதரனிடம் பிடி கொடுத்தார். இங்கிலாந்து மும்பையில் மீண்டும் டெஸ்ட் ஆடியது 2012 நவம்பரில், வாங்கடே மைதானத்தில். தாக்குதல்காரர்களில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஒருவரான கசாப் புனே சிறையில் தூக்கிலிடப்பட்ட இரண்டாம் நாள் தொடங்கிய அந்த ஆட்டத்தில், பீட்டர்சன் 186 ஓட்டங்கள் எடுக்க, இங்கிலாந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.