எழுத்துநிலை மண்டபம் முதல் இணையக் கூடம் வரை

ஓவியத்தைச் சுவரில் தீட்டுதல் கலைஞன் கடன். அதன் பொருளைக் காண்போர் உள்ளத்திற் பதித்தல் யார் கடன்? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தை நமக்குக் காட்டுகிறார். முருகனை வழிபட வந்த மக்கள் அங்குள்ள ஓவியங்களின் முன் நின்று, இவர் யாவர், இஃது என்ன நிகழ்ச்சி என வினவுகின்றனர். உடன் வந்தோர், இவன் காமன், இவள் இரதி, இஃது அகலிகையின் வரலாறு என விடை கூறுகின்றனர். ஓவியத்தைப் பாட வந்த புலவர், கேட்போரையும் சொல்வோரையும் மறவாது பாடியிருப்பது கருதத்தக்கது. அவ்விருவரும் கூடிய இடமே அவர்க்கு மண்டபம்.

ஜொகூர் மாநிலக் கலைக்கூடங்களின் வரலாற்றை ஆராய்வார்க்கு இப்பாடல் நல்லதோர் அளவுகோல். அங்கே அரும்பொருள்கள் முதலில் தங்கிய இடம் அரண்மனையாகும். பின்னாளில் சுல்தானாக முடிசூடிய அபு பக்கர் 1866இல் எழுப்பிய இஸ்தானா பெசார், அரச குடும்பத்துச் செல்வங்களை நெடுங்காலம் தன்னகத்தே காத்தது. 1990இல் அஃது அரச அபு பக்கர் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. ஜொகூர் பாருவில் 1910இல் கட்டப்பட்டு, மந்திரி பெசாராக விளங்கிய டத்தோ அப்துல்லா ஜாபாரின் இல்லமாக இருந்த கட்டடமும் பின்னர்க் கலைக்கூடமாயிற்று. அரசர் மனையும் அமைச்சர் மனையும் மக்கள் காணும் கூடங்களாயின. கதவு திறந்தது மெய்யே. ஆயினும், திறந்த கதவு வழியே எல்லாரும் உள்ளே புகுந்துவிடுவர் என எண்ணுதல் பொருந்தாது. பால்மரத் தோட்டத்து லயத்துக்கும் நகரத்துக் கூடத்துக்கும் இடையேயுள்ள தொலைவு கல் கணக்கில் அளக்கத்தக்கதன்று. ‘இது நமக்குரிய இடமன்று’ என்னும் கூச்சமே அதன் பெரும்பகுதி.

இக்கூச்சத்தைப் போக்கும் முயற்சி மலாயாவில் 1950களின் தொடக்கத்தில் அரும்பியது. கல்வித் துறையில் ஓவியக் கல்வியை மேற்பார்த்து வந்த பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர், கோலாலம்பூரில் ‘புதன்கிழமை ஓவியக் குழு’வை அமைத்தார். வாரம் ஒருநாள் கூடி வரைவது அதன் வழக்கம். பள்ளிச் சிறுவராய் அதனுள் வந்த சுல்கிப்ளி புயோங், சிறார் விளையாட்டுகளைத் தீட்டிப் புகழ் பெற்றார். அக்குழுவைச் சேர்ந்த செயோங் லாய்தோங், 1963இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தின் முகப்பில் நாட்டு வரலாற்றையும் வாழ்வையும் கண்ணாடிச் சில்லுகளாற் பதித்தார். இதற்கிடையே, 1958இல் தேசியக் கலைக்கூடம் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானால் திறந்துவைக்கப்பட்டது. அன்று அதன் உடைமை, நன்கொடையாக வந்த நான்கே படைப்புகள். பொருள் சிறிதாயினும் நோக்கம் பெரிது. வரைவோர் குழுவும் காட்டும் கூடமும் சேர்ந்து மக்கட்கலை வளர வழி கோலின.

ஏறத்தாழ அதே காலத்தில் நம்மவரும் வாளாவிருக்கவில்லை. தமிழ் முரசு இதழில் 1952இல் தொடங்கிய மாணவர் மணிமன்றம், மலாயா, சிங்கப்பூர்ச் சிறுவர் பலரை எழுத்தாளராக்கியது. தோட்டத்துப் பள்ளி மாணவன் தன் பெயரை அச்சிற் கண்டு தலைநிமிர்ந்தான். ஆயினும் அம்மன்றம் அவன் கையில் தந்தது எழுதுகோல்; தூரிகையைத் தருதற்கு அதற்கிணையான ஓர் அமைப்பு நம்மிடையே உருவாகவில்லை. இக்குறையின் விளைவை இன்றும் காண்கிறோம். நம் வீடுகளிற் கவிஞர் பெயர் தெரியும். ஓவியர் பெயர் தெரியாது.

தெரிந்துகொள்ளத்தக்க பெயர்கள் இல்லாமலில்லை. இராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சென்னை அரசு கலைக் கல்லூரியிற் பயின்ற சையத் தாஜுதீன், 1511இல் மலாக்கா தாக்கப்பட்டதைப் பேரோவியமாக்கினார். ஜொகூரில் 1965இல் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா, இந்நாட்டு இந்தியரின் குடியேற்றத்தையும் குடும்ப வாழ்வையும் தம் ஓவியங்களிற் பேசவைத்தவர். இவ்விருவரையும் அறியாத தமிழ் மாணவன், தன் வரலாற்றின் ஒரு பகுதியை அறியாதவனாவான்.

எளிய மக்கள் கலையை வெறுப்பவரல்லர் என்பதற்கு ஜொகூர் பாருவிலேயே சான்றுண்டு. 1922இல் சிறு குடிலாகத் தோன்றிய அருள்மிகு ராஜகாளியம்மன் கோயில், 2009ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 3,00,000 கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாக மாறியது. பல இனத்தாரும் பிற நாட்டாரும் அதனைக் காண வருகின்றனர். அங்கே கூச்சமில்லை; அதனைத் தம்முடையதென்று மக்கள் கருதுகின்றனர். திருப்பரங்குன்றத்து மண்டபமும் இத்தகையதே அன்றோ? உரிமையுணர்வு உள்ள இடத்திற் கேள்வி தானே பிறக்கும்.

இந்நூற்றாண்டில் இணையம் புதியதொரு மண்டபத்தைக் கட்டியுள்ளது. 2011இல் கூகுள் நிறுவனம் 17 அரும்பொருளகங்களின் ஓவியங்களை இணையத்தில் வைத்தது. மறு ஆண்டே அவ்வெண்ணிக்கை 40 நாடுகளில் 151 ஆயிற்று. 2020 மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து கூடங்கள் மூடப்பட்டபோது, பார்வையாளரை இழக்காதிருக்க அவற்றுக்கு இணையமே துணையாயிற்று. பேருந்துச் செலவின்றி, காவலரைக் கண்டு அஞ்சாமல், தோட்டத்துச் சிறுவன் ஓர் ஓவியத்தின் தூரிகைத் தடத்தையும் உருப்பெருக்கிக் காணலாம். இது பெரும்பேறு. எனினும், திரை ஓவியத்தின் உண்மை அளவைக் காட்டாது. சுவரளவு ஓவியமும் உள்ளங்கையளவாகச் சுருங்கும். பெருங்குறை வேறொன்று. படத்தின் கீழுள்ள விளக்கம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். திருப்பரங்குன்றத்தில் விடை சொன்ன உறவினர் இங்கே இல்லை. கேட்பவன் இருக்கிறான், தமிழிற் சொல்பவர் யார்?

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. விடை கூறும் பொறுப்பு அங்குள்ள ஆசிரியர்களிடமே வந்து சேர்கிறது. இதற்கு ஓவியப் புலமை வேண்டுவதில்லை. திங்களுக்கு ஓர் ஓவியத்தைத் திரையிற் காட்டி, என்ன காண்கிறாய், யார் இவர், ஏன் இந்நிறம் என மூன்று வினாக்களை எழுப்பினாற் போதும். மாணவர் கூறும் விடைகளைத் தமிழிற் கட்டுரையாக்கலாம். சிறந்தவற்றைக் கலைக்கூடத்தாருக்கு அனுப்பித் தமிழ் விளக்கமாகச் சேர்க்குமாறு வேண்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை கூடத்துக்கே அழைத்துச் செல்லலாம். திரையில் முன்பே பழகிய ஓவியத்தை நேரிற் காணும் சிறுவன் அங்கே அயலானாக நில்லான். தன் தாய்க்கும் தந்தைக்கும் அவனே வழிகாட்டியாவான்.

ஓவியத்தின் முன் நின்று தமிழர் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை பெற்ற வழக்கம் பரிபாடற் காலத்தது. அவ்வழக்கம் ஜொகூரில் அற்றுப்போகுமா, தழைக்குமா என்பது நம் வகுப்பறைகளில் எழும் வினாக்களைப் பொறுத்தது.