சிந்தாமணி காத்த யாழ்

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் பதின்மூன்று இலம்பகங்களுள் மூன்றாவது காந்தருவதத்தையார் இலம்பகம். விஞ்சையர் வேந்தன் கலுழவேகனின் மகளாகிய தத்தையை யாழிசையில் வெல்பவனுக்கே மணம் செய்து தருவது என்பது ஏற்பாடு. அரசர் பலரும் தோற்ற பின்னர்ச் சீவகன் அவைக்கு வருகின்றான். அவனிடம் யாழ்கள் ஒவ்வொன்றாகத் தரப்படுகின்றன. அவற்றை அவன் மீட்டவில்லை. முதலில் மரத்தையே நோக்குகின்றான். நீரில் நின்று இளகியது என ஒன்றை விலக்குகின்றான். வாள் பட்ட புண்ணுடையது என மற்றொன்றைத் தள்ளுகின்றான். இடி விழுந்த மரம் என வேறொன்றையும் ஒதுக்குகின்றான். நரம்பைப் புரி பிரித்து, உள்ளே கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகின்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இப்பகுதியை நடத்தியிருக்கிறேன். தலைவனின் கலைத்திறத்தை உயர்த்திக் காட்டும் காப்பிய உத்தி என்றே மாணவர்க்கு உரைத்து வந்தேன். அது தச்சர் அறிந்த உண்மை என்பதை ஓய்வு பெற்ற பின்னரே, பண்பொழியில் உணர்ந்தேன்.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமலைக் குமரன் கோயிலின் நிழலில் அமைந்த ஊர் பண்பொழி. பண் பொழியும் ஊர் என்று பொருள் கொள்ள என் தமிழ் மனம் விரும்பியது. ஆயினும், பைம்பொழில் என்பதே இவ்வாறு மருவியது என்பர். பேச்சு வழக்கில் பம்புளி என்கின்றனர். 1956ஆம் ஆண்டு வரை செங்கோட்டை வட்டாரத்தோடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இப்பகுதியில் மலைமரங்களும் மரவேலையும் மக்கள் வாழ்வோடு கலந்தவை.

பெயர்த்தியின் பள்ளிக் கண்காட்சிக்காகச் சிறிய யாழ் ஒன்று செய்து தர இயலுமா என்று அவ்வூர்த் தச்சர் ஒருவரிடம் கேட்டேன். யாழை அவர் கண்டதில்லை. நானும் ஏட்டில் அன்றிக் கண்டதில்லை. சிந்தாமணியின் மரக்குற்றங்களை எடுத்துச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "வாத்தியாரய்யா, இடி விழுந்த மரத்த நாங்க தொடவே மாட்டோம். வெளிய நல்லாத்தான் தெரியும். உள்ள மயிரிழை மாதிரி கீறல் ஓடிக் கெடக்கும். தட்டுனா சத்தம் செத்துப்போயிருக்கும்" என்றார். மின்னல் பாயும்போது மரத்தினுள் இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி விரிவதால் நார்கள் பிளவுபடுகின்றன என்கிறது அறிவியல். அப்பிளவில் அதிர்வு தடைப்படுகின்றது. வெட்டுக்காயம் பட்ட மரத்திலும் நார் ஓட்டம் அறுபடுகின்றது. தேவர் பாடியது கற்பனை அன்று. கருவி செய்வோர் கைப்பட அறிந்திருந்த செய்தி.

யாழின் உறுப்புகளைப் பத்துப்பாட்டு விரிவாகக் காட்டுகின்றது. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை, மானின் குளம்பு பதிந்த சுவடுபோல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோற்போர்வை, துளைகளை மூடிய ஆணிகள், படமெடுத்த பாம்புபோல் நிமிர்ந்த கரிய கோடு, வளையல் அடுக்குப் போன்ற திவவு என ஒவ்வொன்றையும் உவமையோடு சொல்கின்றது. பத்தல் ஒலியைப் பெருக்கும் குடம். அதிலிருந்து நரம்புகள் எழுந்து வளைந்த கோட்டைச் சென்று சேரும். கோட்டில் கட்டிய திவவை நகர்த்தி நரம்பைச் சுருதி கூட்டுவர். வீணையில் ஒரே தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்றே. எனவேதான் பேரியாழுக்கு 21 நரம்பும், சகோட யாழுக்கு 14 நரம்பும், செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பும் வேண்டியிருந்தன. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்திற்கு வீணை எளிதில் இடம் தந்தது. காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது.

தோற்போர்வையைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தயக்கம் உண்டாயிற்று. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட இல்லத்தில் தோல் போர்த்த கருவியை எவ்வாறு வைப்பது? இதற்கு விடை தந்ததும் பத்துப்பாட்டே. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன், உள்துளையுடைய குமிழங்கோட்டை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கின்றான். அதில் தோலும் இல்லை. விலங்கின் நரம்பும் இல்லை.

அவ்வழியையே பின்பற்றினோம். நன்கு காய்ந்த குமிழமரத்தில் பத்தலை உளியால் குடைந்து, தோலுக்கு மாற்றாக மெல்லிய பலகையை இழைத்து மூடினார் தச்சர். மரல் இலையின் சதையைச் சுரண்டி நார் எடுத்து, முறுக்கி, ஏழு நரம்புகள் கட்டினோம். முதல் நாளிலேயே இரண்டு அறுந்தன. புரியில் தும்பு நின்ற இடத்திலேதான் அவை அறுந்தன. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்கள் நான்கு என்று நம் இசைநூலார் எண்ணியதன் காரணம் அப்போது விளங்கியது. மீண்டும் முறுக்கிக் கட்டினோம். சாரல் விழுந்த மாலையில் ஈரம் ஏறி அனைத்தும் தளர்ந்தன. ஒலியும் மெல்லியதே, பக்கத்து அறைக்கு எட்டாது. ஆயினும் ஏழு நரம்பும் ஏழு சுரமாக நின்ற அந்தச் சிறு பொழுதில், தச்சரும் பெயர்த்தியும் நானும் பேசாமல் கேட்டிருந்தோம்.

இம்முயற்சிக்கு முன்னோடி, ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள். சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆராய்ந்து பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதி முறையையும் கணக்கிட்டு அவர் எழுதிய யாழ் நூல், 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழின் குடும்பத்தைச் சேர்ந்த வில்வடிவக் கருவி பர்மாவில் இன்றும் வாழ்கின்றது. அதன் குடத்திற்குப் பயன்படும் படாக் மரம் நம் குற்றால மலையின் வேங்கைக்கு உறவு.

சமணம் இசையை வெறுத்தது என்று சிலர் எழுதுகின்றனர். துறவியர்க்கு உரிய புலனடக்கத்தை இல்லறத்தார்க்கும் ஏற்றிக் கூறும் பிழை அது. அடிகள் ஆராய்ந்த சிலம்பு நம் இளங்கோவடிகள் இயற்றியது. யாழ்மரத்தின் குற்றம் உரைத்த சிந்தாமணி நம் முனிவர் தந்தது. கொங்குவேளிரின் பெருங்கதை முழுவதும் உதயணனின் கோடபதி யாழ் ஒலிக்கின்றது. யாழ் மறைந்தபின்னும் அதன் இலக்கணம் மறையாமல் காத்ததில் சமணச் சான்றோர்க்குப் பெரும்பங்கு உண்டு.

அந்நூல்களைக் காத்தவர்களும் எளிய குடும்பத்தினரே. உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியின் பொருள் தேடிக் கும்பகோணத்துச் சைன இல்லத்திற்குச் சென்றபோது, அங்கே தோரணம் கட்டியிருக்கக் கண்டார். சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து அன்று பூர்த்தி செய்கிறோம் என்றனர் வீட்டார். சந்திரநாதச் செட்டியார் போன்ற சைன அன்பர்கள் ஐயந்தீர்த்து உதவியமையால் 1887இல் நூல் அச்சேறியது. இன்று நம் இல்லங்களில் எத்தனை வீட்டில் சிந்தாமணி படிக்கப்படுகின்றது? வினவுவதற்கு எனக்கும் நாணமே. என் பிள்ளைகளுக்கு அதை நான் முழுமையாகச் சொன்னதில்லை.

பெருங்கதையில், காட்டில் தவறிய கோடபதி மூங்கிற் புதரில் சிக்கிக் கிடக்கின்றது. காற்று மோத அது தானே ஒலிக்கின்றது. அவ்வழிச் சென்ற அந்தணன் ஒருவன் ஓசை கேட்டு அதனை எடுத்து வருகின்றான். பின்னர் அது உதயணனைச் சேர்கின்றது. நம் காப்பியங்களும் நம் வீட்டு அலமாரிகளில் அவ்வாறே காத்துக் கிடக்கின்றன. இத்திருநாள் முதல், வாரம் ஒருநாள், குடும்பத்தோடு அமர்ந்து காந்தருவதத்தையார் இலம்பகத்தை உரத்துப் படிக்கத் தொடங்குவோம். பண்பொழியில் செய்த யாழ் இப்போது எங்கள் கூடத்தில் உள்ளது. நரம்பு தளர்ந்தால் பெயர்த்தி மீண்டும் முறுக்கிக் கட்டுகின்றாள்.