தோற்றோர் பெயரால்: காஜி நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி என்பர் இலக்கண நூலார். வென்றவனின் புகழைப் பேசும் இவ்விலக்கியம் பெயரை மட்டும் தோற்றவரிடமிருந்து பெறுகிறது. முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைப் பாடிய செயங்கொண்டாரின் நூல் கலிங்கத்துப்பரணி என்றே வழங்குகிறது. வெற்றியின் வரலாற்றில் தோற்றவர்க்கும் ஓர் இடம் உண்டு என்னும் கருத்து இம்மரபில் பொதிந்து கிடக்கிறது எனலாம். அப்பழங்கலிங்கத்தின் தென்கடற்கரையில், குலோத்துங்க சோழப்பட்டினம் எனக் கல்வெட்டில் பெயர் பெற்ற விசாகப்பட்டினத்தின் அருகே, 1971ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் 93 உயிர்களோடு மூழ்கியது. பாகிஸ்தான் கடற்படையைச் சேர்ந்த ‘காஜி’ என்னும் அக்கப்பலின் முடிவு, வென்றவரும் தோற்றவரும் தத்தம் போக்கில் சொல்லிவரும் கதையாகவே இன்றளவும் உள்ளது. அக்கதையில் இறந்தோர்க்கு உரிய இடம் எது என்பது எண்ணத்தக்கது.

பிறப்பும் பெயர்களும்

காஜி பிறந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1944 டிசம்பர் 1ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. டென்ச் வகையைச் சேர்ந்த அக்கப்பல் ஏறத்தாழ 95 மீட்டர் நீளமுடையது. டார்பிடோக்களை ஏவுவதற்கு முன்புறம் ஆறும் பின்புறம் நான்குமாகப் பத்துக் குழாய்களைக் கொண்டது. ஸ்பானிய மொழியில் சாத்தான் எனப் பொருள்படும் ‘டையாப்லோ’ என்பதே அதன் முதற்பெயர். 1945 ஆகஸ்டில் பேர்ல் துறைமுகத்திலிருந்து தன் முதல் போர்ச் சுற்றுக்கு அது புறப்பட்ட சில நாட்களிலேயே ஜப்பான் பணிந்தது. ஆதலின், எப்போருக்கெனக் கட்டப்பட்டதோ அப்போரில் அதற்கு வேலையின்றிப் போயிற்று.

1964 ஜூன் 1ஆம் நாள் அக்கப்பல் பாகிஸ்தானிடம் ஒப்படைக்கப்பட்டு, அறத்தின் பொருட்டுப் போரிடும் வீரன் என்னும் பொருளில் ‘காஜி’ எனப் பெயர் பெற்றது. இந்தியத் துணைக்கண்டத்து நாடுகள் பெற்ற முதல் நீர்மூழ்கிக் கப்பல் அதுவே. 1965ஆம் ஆண்டுப் போரில் பம்பாய்க் கடற்பகுதியில் அது காத்து நின்றபோது, இந்தியாவிடம் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும் இல்லை. இந்தியாவின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ‘கல்வாரி’ 1967 டிசம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது.

வங்கக் கடல் நோக்கி

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட விடுதலைப் போராட்டம் இரு நாடுகளையும் போரின் விளிம்பிற்குக் கொண்டு வந்தது. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’ வங்கக் கடலுக்கு வந்து சேர்ந்தது. கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்தமையால் அது முழு வேகத்தில் செல்ல இயலாத நிலையில் இருந்தது. அதனைத் தேடி அழிக்கும் பணி காஜியிடம் ஒப்படைக்கப்பட்டது. பாகிஸ்தானிடமிருந்த நீர்மூழ்கிகளுள் வங்கக் கடல்வரை சென்று போரிடும் ஆற்றல் இம்முதிய கப்பல் ஒன்றுக்கே இருந்தது. 1971 நவம்பர் 14ஆம் நாள், கமாண்டர் ஜஃபர் முகம்மது கான் தலைமையில், கராச்சியிலிருந்து அது புறப்பட்டது. அப்போது அதற்கு வயது ஏறத்தாழ 27.

அக்காலத்து நீர்மூழ்கியின் வாழ்க்கை மின்கலங்களை நம்பியது. நீருக்கடியில் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரத்தை அவை தந்தன. அவற்றை மீண்டும் மின்னேற்ற வேண்டுமெனில், கப்பல் மேலெழுந்தோ காற்றுக்குழாயை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டியோ டீசல் எந்திரங்களை இயக்க வேண்டும். விசாகப்பட்டினக் கடற்கரையில் இன்று காட்சியகமாக நிற்கும் ‘குர்சுரா’ என்னும் இந்திய நீர்மூழ்கியினுள் நடந்து பார்ப்போர், ஓர் ஆள் புரண்டு படுக்கவும் இடமில்லாத படுக்கைகளையும் குனிந்து நுழைய வேண்டிய வாயில்களையும் காணலாம். அத்தகைய இரும்புக் குடலினுள்தான் காஜியின் மாலுமியர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடல் புகுந்தனர்.

இந்தியக் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமான் தீவுகளுக்கு அனுப்பி மறைத்தார். அதே வேளையில் ‘ராஜ்புத்’ என்னும் பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் அனுப்புவது போன்ற வானொலிச் செய்திகளை ஓயாது அனுப்பச் செய்தார். ராஜ்புத்தும் இரண்டாம் உலகப் போரில் ‘ராதர்ஹாம்’ என்ற பெயரில் பிரிட்டன் கட்டிய கப்பலே. ஒரே போரில் ஒரே அணிக்காகக் கட்டப்பட்ட இரு கலங்கள், பெயரும் கொடியும் மாறி, ஒன்றையொன்று வீழ்த்த நின்றன. போர்க்கருவிக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. அவற்றை ஏந்துவோர்க்கே அவை உரியன.

நள்ளிரவின் புதிர்

டிசம்பர் 3ஆம் நாள் மாலை போர் தொடங்கியது. அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் விசாகப்பட்டினத் துறைமுகத்திற்கு வெளியே பெருவெடியோசை கேட்டது. பொழுது விடிந்தபின் மீனவர் சிலர் கடலில் மிதந்த பொருள்களைக் கொண்டு வந்தனர். முக்குளிப்போர் கடலடியில் இறங்கிச் சிதைந்த காஜியைக் கண்டறிந்தனர். அதிலிருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

காஜி மூழ்கிய காரணம் பற்றிக் கருத்துகள் பல. துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், நீரில் கண்ட அசைவை ஐயுற்று வீசிய ஆழ்நீர்க் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பின் கூற்று. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே காஜி சிக்கியிருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. மின்கலங்களை மின்னேற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு செறிந்து தீப்பற்றியிருக்கலாம் என்பாரும் உளர். இந்நிகழ்ச்சி தொடர்பான கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010ஆம் ஆண்டில் இந்திய நாளிதழ்கள் எழுதின. ஆவணம் விட்ட இடத்தைக் கற்பனை நிரப்பியது. 2017இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று, வரலாற்றில் இடம்பெறாத நீரடிச் சமர் ஒன்றைப் படைத்து, இந்திய நீர்மூழ்கி ஒன்றே காஜியை வீழ்த்தியதாகக் காட்டியது.

வென்றது யார் என்னும் வழக்கில் இரு தரப்பும் அரை நூற்றாண்டாக வாதிட்டு வருகின்றன. இவ்வழக்கு எவ்வாறு முடியினும் இறந்தோரின் எண்ணிக்கை மாறப்போவதில்லை.

இரு கரைகளின் துயர்

காஜி மூழ்கியதை இந்தியா டிசம்பர் 9ஆம் நாள் அறிவித்தது. அதே நாள் இரவு, அரபிக் கடலில் டையூவிற்கு அருகே, பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் இந்தியப் போர்க்கப்பல் ‘குக்ரி’ சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமியரும் உயிரிழந்தனர். கப்பலை விட்டு நீங்க மறுத்துத் தம் வீரரோடு தாமும் கடலில் கலந்த கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் பெயரை இந்தியா மறக்கவில்லை. டையூவின் கரையில் குக்ரிக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. குக்ரியின் மாலுமியர் இல்லங்களில் எழுந்த அழுகைக்கும் காஜியின் மாலுமியர் இல்லங்களில் எழுந்த அழுகைக்கும் வேற்றுமை காட்ட வல்ல சொல் எம்மொழியிலும் இல்லை.

விசாகப்பட்டினக் கடலில் காஜி தனித்துக் கிடக்கவில்லை. 1944 பிப்ரவரி 11ஆம் நாள் ஆர்ஓ-110 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியை, இந்தியாவின் ‘ஜம்னா’வும் ஆஸ்திரேலியாவின் ‘லான்செஸ்டன்’, ‘இப்ஸ்விச்’ ஆகியனவும் அக்கடற்பகுதியிலேயே மூழ்கடித்தன. ஜப்பானியரை எதிர்க்கப் பிறந்த டையாப்லோ, காஜியாகி, ஜப்பானியர் துயிலும் கடலிலேயே துயில் கொண்டது. 2024ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் காஜியின் சிதைவு கிடக்குமிடத்தைக் கண்டறிந்ததாகச் செய்தி வந்தது. இறந்தோர் துயிலிடத்தைக் கலைப்பதில்லை என்னும் கடலோடிகளின் மரபைப் போற்றி அது தொடப்படாமல் விடப்பட்டது. வென்ற நாட்டின் கடற்படையே தோற்றோர் கல்லறைக்குக் காவலாயிற்று.

நிரை மீட்டு வீழ்ந்தவனுக்கும் நிரை கவர்ந்து வீழ்ந்தவனுக்கும் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதிய மரபு தமிழருடையது. வீழ்ந்தோர்க்கு இரங்கிக் கையற்றுப் பாடுவதற்கு ஒரு துறையையே வகுத்துக்கொண்ட இலக்கியமும் நம்முடையது. தாக்க வந்தவரை எதிர்த்து நாட்டைக் காத்தல் கடமை. காத்தபின் வீழ்ந்தவரை மனிதராக நினைத்தல் பண்பாடு. முன்னதைக் கடற்படை செய்தது. பின்னது எழுதுவோர்க்கு உரிய பணியாகும். கடலில் கல் நட இயலாது. அங்கே கிடக்கும் 93 பேர்க்கும் அவர்தம் பகைவராய்ப் போரிட்டு மாண்ட 194 பேர்க்கும் ஒரே ஏட்டில் இடமளிக்கக் கவிஞரின் சொல்லால் இயலும்.