ஜெரிமாண்டர்

ஆளுங்கட்சி தனக்குத் தோதாகத் தொகுதி எல்லைகளை வளைத்து நெளித்து வரைவதற்கு அமெரிக்காவில் இந்தப் பெயர். பெயருக்கு உரியவர் லேசுப்பட்டவர் இல்லை: 1776 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட எல்பிரிட்ஜ் கெர்ரி. உரிமைப் பட்டியல் இல்லாதது உள்ளிட்ட காரணங்களுக்காக 1787-இல் அரசமைப்புச் சட்டத்தில் ஒப்பமிட மறுத்தவரும் அவரே!

1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது தன் கட்சிக்குச் சாதகமான செனட் தொகுதி வரையறைக்கு அவர் ஒப்புதல் தந்தார். எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு தொகுதி பல்லிபோல நீண்டு வளைந்தது. பாஸ்டன் கெசட் இதழ் அதற்கு இறக்கையும் நகமும் வைத்துக் கேலிப்படம் போட்டது. பல்லியை ஒத்த உயிரினமான சாலமாண்டரின் பெயரின் வாலைக் கெர்ரியோடு ஒட்டிப் பெயரும் சூட்டியது. 'கெ' ஊர்வாயில் 'ஜெ' ஆனது பிற்பாடு.

அந்த ஆண்டு மாநில செனட் அவர் கட்சிக்கே கிடைத்தது. எல்லைக்கோடு எதுவும் உதவாத ஆளுநர் தேர்தலில் கெர்ரி தோற்றார்.