பைக்கர் முதல் ஐல்ஸ்பரி வரை: கவுன்சில் குடியிருப்பு மறுகட்டமைப்பில் குடியிருப்போரின் பங்கேற்பு (1968–2018)

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானியாவில் உள்ளாட்சி மன்றங்கள் மேற்கொண்ட குடியிருப்பு மறுகட்டமைப்புத் திட்டங்களில், அங்கு வாழ்ந்தோரின் கருத்து எந்தக் கட்டத்தில், எதைப் பற்றிக் கேட்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நியூகாசில் நகரின் பைக்கர் பகுதி முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வடிவமைப்பில் பங்கேற்பு மெய்யாகவே நிகழ்ந்த இடத்திலும், இடிப்பின் காலவரிசை குடியிருப்போரின் கைக்கு எட்டாததால் பழைய மக்களில் பெரும்பாலோர் அங்கு எஞ்சவில்லை என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கவுன்சில் குடியிருப்பு, பைக்கர், ரால்ஃப் எர்ஸ்கின், மக்கள் பங்கேற்பு, வீட்டுவசதிச் சட்டம், வாக்கெடுப்பு.

முன்னுரை

நகரத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் 1969ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. ஆர்தர் ஸ்கெஃபிங்டன் தலைமையிலான குழு மக்களும் திட்டமிடலும் என்னும் பொருளில் தனது அறிக்கையை வெளியிட்டது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன், பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. இரண்டுக்கும் இடையிலான தொலைவு பெரிது. ஸ்கெஃபிங்டன் குழு மக்களை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்றது. ஆயினும் முடிவெடுக்கும் பொறுப்பு மன்றத்திடமே இருக்க வேண்டும் என்றும் கருதியது. ஆர்ன்ஸ்டைனோ கருத்துக் கேட்பை நான்காம் படியில் வைத்து, அதிகாரம் கைமாறாத பங்கேற்பு வெறும் அடையாளச் செயல் என்றார்.

இவ்விரு நிலைகளுள் எது சரி என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. அவ்விவாதத்தில் போதிய இடம் பெறாத கேள்வி ஒன்று உண்டு. எவ்வளவு அதிகாரம் என்பது ஒருபுறமிருக்க, கேட்கப்படும் நாளில் கேட்கப்பட வேண்டியவர்கள் அங்கே இருந்தார்களா என்பதே அது.

வார வாடகையாளரும் சட்டமும்

கவுன்சில் குடியிருப்பு என்பது உள்ளாட்சி மன்றம் தன் பொறுப்பில் கட்டி வாடகைக்கு விடும் குடியிருப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவற்றுள் கணிசமானவை பழைய தொழிலாளர் தெருக்களை அகற்றிய நிலத்தில் எழுந்தன. அந்த அகற்றலுக்கு அடிப்படையாக அமைந்தது 1957ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். கட்டாய நிலக்கையகப்படுத்தல் பற்றிய அறிவிப்பை உரிமையாளர், குத்தகைதாரர், குடியிருப்போர் ஆகியோருக்கு வழங்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் ஒரு மாதமோ அதற்குக் குறைவான காலமோ வாடகை ஒப்பந்தம் உடையவர்களை அதிலிருந்து விலக்கியது. தொழிலாளர் தெருக்களில் வாடகை வாரந்தோறும் செலுத்தப்பட்டது. ஆகவே அவ்வீடுகளில் உண்மையில் வாழ்ந்தவர்களே சட்டத்தின் பார்வையில் அறிவிப்புக்கு உரியவர்கள் அல்லர். பங்கேற்பைக் குறித்த பிற்காலச் சொல்லாடல் அனைத்தும் இந்தச் சிறிய விலக்கை ஈடுசெய்யும் முயற்சி எனக் கொண்டாலும் தவறாகாது.

பைக்கர்: இறுதிச்சடங்குக் கடையில் ஓர் அலுவலகம்

நியூகாசிலின் கிழக்கே, டைன் ஆற்றை நோக்கிச் சரியும் மேட்டில் அமைந்தது பைக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றங்கரைத் தொழிற்கூடங்களின் தொழிலாளர்களுக்காக எழுந்த நெருக்கமான தெருக்கள் அங்கிருந்தன. 1960களில் ஏறத்தாழ 17,000 பேர் வாழ்ந்தனர். வீடுகள் பழுதடைந்திருந்தன, குளியலறை இல்லாத வீடுகள் மிகுதி. புதிய வீட்டை மக்கள் விரும்பினர், பைக்கரை விட்டுப் போக விரும்பவில்லை. இவ்விரு விருப்பங்களையும் ஒருசேர நிறைவேற்றுவதாக மாநகர மன்றம் உறுதியளித்தது. 'பைக்கர் பைக்கர் மக்களுக்கே' என்பது திட்டத்தின் முழக்கமாயிற்று.

இங்கிலாந்தில் பிறந்து சுவீடனில் பணியாற்றிவந்த கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கினிடம் இப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் செய்தது வரைபடம் அன்று. பிரிங்க்பர்ன் தெருவில், முன்பு இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளர் நடத்திய கடையொன்றைத் தம் குழுவின் அலுவலகமாக்கினார். அவருடைய கூட்டாளி வெர்னான் கிரேசி அதன் மாடியிலேயே குடியேறினார். கதவு யாருக்கும் திறந்திருந்தது. புதிய வீட்டின் அமைப்பைக் கேட்க வந்தவர்களோடு, ஒழுகும் கூரையைப் பற்றி முறையிட வந்தவர்களும் உள்ளே வந்தனர். கட்டடக் கலைஞரின் பணி எல்லைக்கு உட்படாத முறையீடுகள் இவை. எனினும் வேறெங்கும் காது கொடுக்கப்படாதவர்கள் காது கொடுக்கும் இடத்தில் எல்லாவற்றையும் சொல்வது இயல்பே.

முன்னோடியாக ஜேனட் சதுக்கத்தில் 46 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் குடியேறவிருந்த குடும்பங்கள் முன்கூட்டியே தெரிவுசெய்யப்பட்டு, வரைவு நிலையிலேயே கருத்துக் கேட்கப்பட்டனர். அங்குக் கிடைத்த பட்டறிவு அடுத்த கட்டங்களுக்குப் பயன்பட்டது. மக்களுக்குப் பழக்கமான தேவாலயங்களும் மதுக்கூடங்களும் ஷிப்லி தெருக் குளியல் கூடமும் இடிக்கப்படாமல் புதிய அமைப்புக்குள் இணைக்கப்பட்டன. வடக்கில் வரவிருந்த விரைவுச்சாலையின் இரைச்சலைத் தடுக்க, ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்தில் வளைந்து செல்லும் அடுக்குமாடி வரிசை எழுப்பப்பட்டது. பைக்கர் சுவர் என்று பெயர் பெற்ற அதன் வடபுறத்தில் சிறு சன்னல்கள். தென்புறத்தில் வெயிலை நோக்கிய மர மாடங்கள். அதன் அரவணைப்பில், திட்டத்தின் பெரும்பகுதி தாழ்ந்த வீடுகளாகவே அமைந்தது. எந்தச் சாலையைத் தடுக்க அச்சுவர் எழுந்ததோ அச்சாலை திட்டமிட்ட வடிவில் வரவே இல்லை.

இவ்வளவும் பங்கேற்பின் வெற்றியாகவே பல நூல்களில் பதிவாகியுள்ளது. அதில் மிகை அதிகமில்லை. ஆனால் 1982 அளவில் கட்டுமானம் நின்றபோது, பழைய பைக்கர் மக்களில் புதிய பைக்கரில் வாழ்ந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு என்பதே ஆய்வாளர்கள் பரவலாக எடுத்தாளும் கணக்கு. மக்களுக்கே என்ற முழக்கத்திற்கும் இக்கணக்கிற்கும் இடையிலான இடைவெளியை வடிவமைப்பின் குறையாகக் கொள்ள இயலாது. இடிப்பு முந்தியது; கட்டுமானம் பிந்தியது. சிறு சிறு பகுதியாக இடித்து, அருகிலேயே கட்டி, அக்கம்பக்கத்தாரை ஒன்றாகக் குடியேற்றுவதே எர்ஸ்கின் குழுவின் எண்ணம். இடிப்பின் காலவரிசையோ மன்றத்தின் வேறு துறைகளின் கையில் இருந்தது. பாதி காலியான தெருவில், பக்கத்து வீட்டுக்குப் பலகை அடிக்கப்பட்ட நிலையில், வரப்போகும் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எளிதன்று. மன்றம் நகரின் வேறு பகுதிகளில் வீடு காட்டியபோது பலர் போனார்கள். அவர்கள் போனதைத் தன்விருப்பம் என்று பதிவேடு சொல்லக்கூடும். அலுவலகக் கதவு திறந்திருந்தது உண்மை; அதற்குள் வந்து கேட்கக்கூடிய விடயங்களின் பட்டியலில் இடிப்பு நாள் இல்லாததும் உண்மை.

1969இல் பைக்கரில் குடியேறிய பின்லாந்துப் புகைப்படக் கலைஞர் சிர்க்கா-லீசா கோன்டினன் இம்மறைவை உள்ளிருந்து பதிவுசெய்தார். அவர் வாழ்ந்த வீடும் இடிக்கப்பட்டது. 1983இல் வெளிவந்த அவரது பைக்கர் நூல் இன்று அப்பழைய தெருக்களின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. புதிய பைக்கர் 2007இல் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கட்டடங்களுக்குக் கிடைத்த அப்பாதுகாப்பைப் போன்ற ஒன்று அவற்றுக்கு முன்னிருந்த அண்டை உறவுகளுக்குக் கிடைக்கவில்லை.

கருத்துக் கேட்பு சட்டமான பின்

1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் கவுன்சில் வாடகையாளருக்குக் குடியிருப்புப் பாதுகாப்பை வழங்கியது. கருத்துக் கேட்கப்படும் உரிமையையும் உடன் வழங்கியது. அது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 105ஆம் பிரிவாக நிலைபெற்றது. பராமரிப்பு, மேம்பாடு, இடிப்பு ஆகியவற்றால் பெரிதும் பாதிக்கப்படுவோரின் கருத்தை மன்றம் முடிவெடுக்கும் முன் கேட்டு, கருத்தில் கொள்ள வேண்டும். வாடகைத் தொகை மட்டும் இதற்கு விலக்கு. கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்கு மேல் இப்பிரிவு செல்லவில்லை. குடியிருப்பின் உடைமை மன்றத்திடமிருந்து வேறொரு நிறுவனத்துக்கு மாறும்போதோ பெரும்பான்மை வாடகையாளரின் எதிர்ப்பு திட்டத்தை நிறுத்தவல்லதாயிற்று.

இவ்வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதை இலண்டனின் சதர்க் பகுதியிலுள்ள ஐல்ஸ்பரி குடியிருப்பு காட்டியது. ஏறத்தாழ 2,700 வீடுகள் கொண்ட அதனை வீட்டுவசதிச் சங்கம் ஒன்றுக்கு மாற்றும் திட்டம் 2001 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தவர்களில் 73 விழுக்காட்டினர் அதனை நிராகரித்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, சீரமைப்புக்குச் செலவு மிகும் எனக் கூறி, குடியிருப்பை இடித்துக் கட்ட மன்றம் முடிவுசெய்தது. வீட்டின் உரிமையாளர் மாறுவதற்கு வாக்கெடுப்புத் தேவைப்பட்டது. வீடே இல்லாமற் போவதற்குத் தேவைப்படவில்லை. 2016இல் அக்குடியிருப்பின் ஒரு பகுதிக்கான கட்டாயக் கையகப்படுத்தலை அமைச்சகம் மறுத்தது. அம்மறுப்பும் நிலைக்கவில்லை. அது வீட்டை விலைக்கு வாங்கியிருந்தோரின் உரிமையை முன்னிட்டு எழுந்ததே அன்றி, வாடகையாளரின் உரிமையை முன்னிட்டு அன்று. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இங்கும் நீள்கிறது.

லாம்பெத்தின் கிரெசிங்காம் கார்டன்ஸ் வழக்கு வேறொரு வகை. 306 வீடுகள் கொண்ட அக்குடியிருப்புக்கு மன்றம் ஐந்து தெரிவுகளை முன்வைத்துக் கருத்துக் கேட்கத் தொடங்கியது. இடையில், நிதி இல்லை என்று கூறி, சீரமைப்பு சார்ந்த மூன்றையும் அகற்றியது. 2015 நவம்பரில் உயர்நீதிமன்றம் அம்முடிவைச் செல்லாதென அறிவித்தது. மன்றம் மீண்டும் கருத்துக் கேட்டது. மீண்டும் இடிக்கவே முடிவுசெய்தது. அதனை எதிர்த்த இரண்டாவது வழக்கு வெற்றி பெறவில்லை. நீதிமன்றம் முறையைத்தான் திருத்த முடிந்தது.

வாக்குச்சீட்டும் வாக்காளரும்

2018 ஜூலையில் இலண்டன் மேயர் புதிய நிபந்தனை ஒன்றை விதித்தார். வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டும் திட்டத்துக்கு மேயரின் நிதி வேண்டுமெனில், குடியிருப்போரின் வாக்கெடுப்பில் அத்திட்டம் வெல்ல வேண்டும். இது சட்டமன்று; நிதிக்கான நிபந்தனை மட்டுமே. ஆயினும் இடிப்பு என்னும் வினாவே முறையான வாக்குச்சீட்டில் இடம்பெற வழி பிறந்தது. பதினாறு வயது நிரம்பிய வாடகையாளரும், அங்கேயே வாழும் வீட்டு உரிமையாளரும், வீட்டுவசதிப் பதிவேட்டில் ஓராண்டேனும் காத்திருக்கும் தற்காலிகக் குடியினரும் வாக்களிக்கலாம். இதுவரை நடந்த வாக்கெடுப்புகளில் பெரும்பாலானவை திட்டத்துக்கு ஆதரவாகவே முடிந்துள்ளன.

மன்றம் தன் திட்ட முன்மொழிவை வெளியிடும் கட்டத்தில் குடியிருப்பில் உள்ளோரைக் கொண்டே வாக்காளர் பட்டியல் அமைகிறது. பழுது பார்க்கப்படாத மின்தூக்கிக்கும் பலகை அடிக்கப்பட்ட பக்கத்து வீட்டுக்கும் சலித்து, அதற்கு முன்பே வேறிடம் ஒதுக்கப்பட்டுச் சென்றுவிட்டவர்களின் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை. பைக்கரில் முன்னோடி வீடுகள் கட்டி முடியும் முன்பே வெளியேறியவர்களின் நிலையும் இதுவே.