நடன ஆசிரியரை மதிப்பிடுதல்: அரங்கேற்றம் முதல் பல்கலைக்கழகப் படிவம் வரை

பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பிப்பவர் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறார் என்பதை எப்படி அறிவது? பல்கலைக்கழகங்களுக்குள் இந்தக் கேள்வி நுழைந்து ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகின்றன. ஆனால் நடன ஆசிரியரை எடைபோடும் வழக்கம் அதைவிட மிகப் பழையது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி மேடையேறுவதைச் சொல்லும் முன்பே அவளுடைய ஆடலாசிரியனின் தகுதிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறது. இருவகைக் கூத்தின் இலக்கணமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடலும் தாளமும் ஆடலோடு பொருந்தும் முறையையும், ஒற்றைக் கை, இரட்டைக் கை முத்திரைகளை ஒன்றோடொன்று கலக்காமல் கையாளும் முறையையும் அவன் அறிந்திருக்க வேண்டும். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டம் பெறுகிறாள். அன்று அவையில் தேர்வு எழுதியவர்கள் இருவர் என்றே சொல்லலாம். ஆடியது மாணவி, அந்த ஆட்டத்தில் தெரிந்தது ஆசிரியனின் ஏழாண்டு உழைப்பு.

இந்த மரபு நட்டுவனார் குடும்பங்களில் தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய பரதநாட்டிய நிகழ்ச்சி நிரலுக்கு வடிவம் தந்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் கற்பித்தலைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை. அவர்கள் உருவாக்கிய ஆடற்கலைஞர்களே அவர்களுக்கான சான்று. இம்முறையில் குறையும் இருந்தது. திறமையுள்ள பிள்ளையை ஆசிரியரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். இடையில் நின்றுபோன பிள்ளைகள் கணக்கிலேயே வரவில்லை. தட்டுக்கழியின் அடி பட்ட மாணவியிடம் அவள் கருத்தை யாரும் கேட்டதில்லை.

மாணவரின் கருத்தைக் கேட்கும் படிவம் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1917இல் மார்கரெட் டௌப்ளர் நடன வகுப்பைத் தொடங்கினார். 1926இல் அது பட்டப்படிப்பானது. நடனத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் வகுத்த முதல் பட்டப்படிப்பு அதுவே. அதற்கு அடுத்த ஆண்டு, 1927இல், பர்டியூ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹெர்மன் ரெம்மர்ஸ், மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் இடும் அளவுகோலை வெளியிட்டார். பாடத்தில் ஆர்வம், மதிப்பெண் வழங்குவதில் நேர்மை, பாடத்தை விளக்கும் விதம் ஆகியவற்றோடு நகைச்சுவை உணர்வும் ஆசிரியரின் தோற்றமும் அதில் இடம்பெற்றன.

டௌப்ளர் உயிரியல் படித்தவர். மேடைக் கலைஞர் அல்லர். வகுப்பில் எலும்புக்கூட்டு மாதிரியை வைத்து மூட்டுகள் அசையும் விதத்தை விளக்குவாரே தவிர, தாம் ஆடிக்காட்டி அதைப் பின்பற்றச் சொல்லமாட்டார். மாணவிகள் தரையில் படுத்துத் தங்கள் உடலின் அசைவைத் தாங்களே கண்டறிய வேண்டும். 'ஆசிரியர் தெளிவாக ஆடிக்காட்டினாரா?' என்று ஒரு படிவம் கேட்டிருந்தால் அவருக்குச் சுழியம்தான் கிடைத்திருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நடனக் கல்வியைக் கொண்டு சென்றவர்களோ அவருடைய மாணவிகள்.

1960களின் மாணவர் இயக்கங்களுக்குப் பின் இத்தகைய படிவங்கள் பரவலாயின. அவற்றின் மீதான ஐயமும் கூடவே வளர்ந்தது. 1973இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. நடிகர் ஒருவரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, சாரமே இல்லாத விரிவுரையைச் சுவையாக நிகழ்த்தச் செய்தார்கள். கேட்டவர்கள் படித்தவர்கள்; ஆனாலும் நல்ல மதிப்பீடே தந்தார்கள். மேடைக் கவர்ச்சியே தொழிலாக உள்ள நடனத் துறையினர் இதை இருமுறை படிக்க வேண்டும்.

இந்தியாவில் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் நடனத்தை முன்னதாகவே பட்டப்படிப்பாக்கியது. தஞ்சையிலிருந்து பரோடா அரண்மனைக்குச் சென்ற ஆடற்குடும்பத்தின் வழிவந்த குபேர்நாத் தஞ்சோர்கர் அங்கே பரதம் கற்பித்தார். கடல் கடந்தும் இப்படி நடந்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவும், புகழ்பெற்ற குருவிடம் பயின்ற, வானொலி, தொலைக்காட்சியில் உயர்தரம் பெற்ற கலைஞர்களை ஆசிரியராக நியமிக்கத் தனி வழி வைத்தது. ஆக, பணிக்கு எடுக்கும்போது மேடையும் குருமரபும் கணக்கில் வருகின்றன. பணியில் சேர்ந்த பிறகுதான் சிக்கல்.

2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியரின் எல்லா வேலையையும் புள்ளிகளாக்கின. அதற்கு எதிர்ப்பு எழுந்து, 2018இல் எளிய முறை வந்தது. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எடுத்தால் 'நன்று'. 70 முதல் 80க்குள் இருந்தால் 'திருப்தி'. அதற்கும் கீழே என்றால் 'திருப்தி இல்லை'. ஆசிரியர் வகுப்புக்கு வந்தாரா என்பதை இது காட்டும். மாணவிக்கு அரைமண்டி வந்ததா என்பதைக் காட்டாது. ஆய்வாளர் வரும் நாளில் பாடக்குறிப்பேடு எவ்வளவு அழகாக இருக்கும் என்பது பள்ளியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

மாணவர் கருத்துப் படிவமும் நடனத் துறையில் சற்றுத் தடுமாறுகிறது. வேதியியல் வகுப்பில் அறுபது பேர் இருந்தால் எழுதியவர் யார் என்று தெரியாது. நடன வகுப்பில் ஆறேழு பேர்தான். பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். அதே ஆசிரியர்தான் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் இடுவார், ஆண்டு விழாவில் யாருக்கு எந்தப் பாத்திரம் என்றும் முடிவுசெய்வார். அவரைக் குறைசொல்லி எழுத மாணவிக்குத் துணிவு வருமா? தோளைத் தொட்டுத் திருத்துவது சிலருக்கு உதவி, சிலருக்குச் சங்கடம். பழைய மரபில் வாய்திறக்க முடியாத அந்த மாணவிக்காகவே படிவம் வந்தது. அவள் அஞ்சாமல் எழுத வழி இல்லையென்றால், படிவம் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, நடனத்தில் பலன் தாமதமாகவே வரும். முதல் பருவத்தில் அலாரிப்பையே திரும்பத் திரும்ப ஆடவைத்த ஆசிரியர் மீது அப்போது சலிப்புதான் இருக்கும். முழங்கால் வலியில்லாமல் நாற்பது வயதிலும் ஆடும்போதுதான் அவர் அருமை தெரியும். பருவ இறுதியில் நிரப்பும் படிவத்துக்கு அது எட்டாது.

பி.எட். படித்தவர்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் நினைவிருக்கும். 1963இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான அம்முறையில், சிறு பாடம் ஒன்றை நடத்தி, அதன் பதிவைப் பார்த்து, திருத்தி, மீண்டும் நடத்த வேண்டும். நடனத்துக்கு இது மற்றப் பாடங்களைவிட நன்றாகவே பொருந்தும். சேர்ந்த வாரத்தில் ஒரு மாணவி ஆடிய அடவையும், மூன்றாம் ஆண்டில் அவளே ஆடும் அதே அடவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும். நல்ல உடல்வாகோடு வந்தவள் எங்கே நின்றுவிட்டாள், தடுமாறி வந்தவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது வெளித்துறையிலிருந்து வந்து பார்க்கும் நடன ஆசிரியருக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதற்கு ஒரு கைப்பேசி போதும்.